12 வால்வு கம்மின்ஸுக்கு நைட்ரஸ்: ஒன்றரை ஆண்டு ஓட்டிய பிறகு

என் டீசல் டிரக்குக்கு நைட்ரஸ் (எஞ்சினுக்குக் கூடுதல் ஆக்சிஜன் கொடுக்கும் நைட்ரஸ் ஆக்சைடு) போட்டு ஒன்றரை ஆண்டு ஆகிறது. இதற்குள் பாட்டிலை ஒன்பது முறை நிரப்பிவிட்டேன். எஞ்சினின் மேல்பாகமான சிலிண்டர் ஹெட்டை ஒரு முறை இறக்கி ஏற்றியாயிற்று. வண்டிக்கு வேலை பார்க்கும் கடையையும் ஒரு முறை மாற்றியாயிற்று. வாங்கிய வாரமே எழுதியிருந்தால் வெறும் புகழுரையாக இருந்திருக்கும். ஹெட் இறங்கிய வாரம் எழுதியிருந்தால் வெறும் வசையாக இருந்திருக்கும். இரண்டும் ஆறட்டும் என்று காத்திருந்துதான் எழுதுகிறேன்.

வண்டி 1997ஆம் ஆண்டு டாட்ஜ் ராம் 2500. 5.9 லிட்டர், 12 வால்வு கம்மின்ஸ் எஞ்சின், ஐந்து கியர் மேனுவல். டெக்சாஸ் மாநிலத்தில் டாலஸுக்குத் தெற்கே குடியிருக்கிறேன். இந்த எஞ்சினைத் தேடிப் பிடித்து வாங்கியதற்குக் காரணம் உண்டு. நாமக்கல்லில் அப்பா 2001இல் எடுத்த டாடா 2515 லாரியில் இருந்ததும் இதே குடும்பத்து எஞ்சின்தான். அதே 102 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் விட்டம்), அதே 120 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்), ஆறு சிலிண்டர். அது ஜாம்ஷெட்பூரில் டாடா கம்மின்ஸ் ஆலையில் பிறந்தது; இது அமெரிக்காவில் பிறந்தது. அங்கே 150 குதிரைத்திறனை வைத்துக்கொண்டு மொத்தம் 25 டன்னை இழுத்தது. இங்கே மேனுவல் கியர் வண்டிக்கு நிறுவனம் கொடுத்தது 215. பானெட்டைத் திறந்து அந்த வால்வு மூடிகள் ஆறும் வரிசையாக நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எங்கள் வீட்டு வாசலில் நிற்பதுபோல இருக்கும்.

நைட்ரஸ் எதற்கு என்பதைச் சொல்லிவிட்டுக் கடைகளுக்கு வருகிறேன், ஏனென்றால் இதைப் புரிந்துகொள்ளாமல் பணத்தைக் கொட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பலரும் நைட்ரஸை ஓர் எரிபொருள் என்று நினைக்கிறார்கள். அது எரியாது. அது ஆக்சிஜனைச் சுமந்து வரும் வாயு, அவ்வளவுதான். நாம் மூச்சுவிடும் காற்றில் எடைக்கணக்கில் 23 சதவீதம் ஆக்சிஜன். நைட்ரஸ் ஆக்சைடில் 36 சதவீதம். சிலிண்டருக்குள் ஏறக்குறைய 300 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் அது உடைந்து ஆக்சிஜனை விடுவிக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய விமானங்கள் காற்று மெலிந்த உயரத்தில் பறக்கும்போது இதையேதான் ஜிஎம்-1 என்ற பெயரில் எஞ்சினுக்குக் கொடுத்தன. காற்று போதாத இடத்தில் காற்றுக்கு மாற்று.

பெட்ரோல் எஞ்சினில் நைட்ரஸ் கொடுத்தால் கூடவே பெட்ரோலையும் கூட்டிக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பிஸ்டன் உருகும். டீசலில் கதை தலைகீழ். ஒரு கிலோ டீசல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.5 கிலோ காற்று வேண்டும். எஞ்சினுக்கு டீசல் அனுப்பும் பம்பில் டீசலைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் டர்போ தள்ளும் காற்று போதாமல் போகிறது. எரியாத மிச்சம் கரும்புகையாக வெளியே வருகிறது, புகைபோக்கியில் வெப்பம் ஏறுகிறது. அந்த நிலையில் இருக்கும் எஞ்சினுக்கு டீசல் ஏற்கெனவே மிதமிஞ்சி இருக்கிறது. குறைவது ஆக்சிஜன் மட்டுமே. ஆகவே டீசல் வண்டிக்கான கிட்டில் எரிபொருளுக்கெனத் தனிக் குழாய் கிடையாது. பாட்டில், குழாய், மின்சாரத்தில் திறக்கும் ஒரு சோலினாய்டு வால்வு, நைட்ரஸைத் தெளிக்கும் ஒரு நாசில், ஸ்விட்சுகள். பார்த்தால் இவ்வளவுதானா என்று தோன்றும்.

கரும்புகை எனக்குச் சிறுவயதிலிருந்தே பழக்கம். 2515 வருவதற்கு முன் அப்பாவிடம் டர்போ இல்லாத 697 எஞ்சின் வண்டி இருந்தது. பள்ளி விடுமுறையில் கூடப் போவேன். சேலத்திலிருந்து தர்மபுரி போகும்போது தொப்பூர் ஏற்றத்தில் வண்டி இரண்டாவது கியரில் முனகும். கண்ணாடியில் பார்த்தால் பின்னால் சாலையே தெரியாது. யாரோ ஒரு பம்ப் மெக்கானிக் இழுவை கூடும் என்று டீசலைக் கூட்டி வைத்திருந்தார். "புகையில் போவது எல்லாம் நம்முடைய டீசல் கண்ணு" என்று அப்பா சொல்வார். அடுத்த மாதமே வேறு பட்டறையில் கொடுத்துப் பம்பைக் குறைத்துவிட்டார்.

என் ராமிலும் முன்பு இருந்தவர் அதே வேலையைச் செய்திருந்தார். இந்த வருடத்து வண்டிகளில் இருப்பது போஷ் பி7100 பம்ப், முழுக்க இயந்திர முறையில் ஓடுவது. எஞ்சின் வேகத்துக்கு வரம்பு வைக்கும் கவர்னரின் ஸ்பிரிங்கை மாற்றி, டீசல் தெளிக்கும் நாசில்களைப் பெரியதாகப் போட்டு, காற்றழுத்தம் வரும்வரை டீசலைத் தடுத்துவைக்கும் அமைப்பையும் தளர்த்தி வைத்திருந்தார். இழுவை பிரமாதம். ஆனால் மிதித்தால் பின்னால் வருபவர் முகத்தில் மை பூசியதுபோல் புகை. புகையின் வெப்பத்தை அளக்கும் பைரோமீட்டர் 1,440 டிகிரி பாரன்ஹீட் காட்டும். 1,250க்கு மேல் நீண்ட நேரம் வைத்து ஓட்டக் கூடாது என்பது இந்த எஞ்சின் வைத்திருப்பவர்கள் கடைப்பிடிக்கும் வரம்பு. பெரிய டர்போ போடலாம். ஆனால் அது கீழ் வேகத்தில் சோம்பும். பம்பைக் குறைக்கலாம், சாலையில் ஓட்டும்போது அப்படித்தான் வைத்திருக்கிறேன். சனிக்கிழமை இரவு டிராக் ரேஸ் தளத்தில் கால் மைல் ஓட்டுவதற்கு மட்டும் கூட்டிக்கொள்வேன். அந்தப் பதினைந்து விநாடிக்குத்தான் நைட்ரஸ் வாங்கினேன்.

கிட் ஏறக்குறைய 700 டாலர். 10 பவுண்டு பாட்டில், எஃகு வலை போர்த்திய குழாய், சோலினாய்டு, எவ்வளவு நைட்ரஸ் போகும் என்பதைத் தீர்மானிக்கும் துளை கொண்ட ஜெட்கள் நான்கு அளவில். பொருள்களின் தரத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. குழாய் முனைகள் சுத்தமாகக் கடைந்திருந்தன, சோலினாய்டு இன்றுவரை ஒருமுறைகூட ஒழுகவில்லை, வயர்கள் தடிமனாக இருந்தன. கூட வந்த விளக்கப் புத்தகம்தான் மோசம். பெட்ரோல் வண்டிக்கு எழுதியதில் நான்கு பக்கம் டீசலுக்கென்று ஒட்டவைத்திருந்தார்கள். எந்தக் காற்றழுத்தத்தில் திறக்க வேண்டும் என்ற ஒரு கேள்விக்குக்கூட அதில் பதில் இல்லை. அந்த இடைவெளியில்தான் நான் விழுந்தேன்.

முதலில் போனது பெரிய கடை. பளபளக்கும் தரை, வரவேற்பில் காபி, சுவரெல்லாம் கோப்பைகள். பெயர் வேண்டாம். இரண்டு நாளில் பொருத்திக் கொடுத்தார்கள், கூலி 600 டாலர். வயர்கள் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் அழகில் ஓடின. முதல் இரண்டு ஓட்டமும் நன்றாக இருந்தன. மூன்றாவதில் வண்டி விட்டுவிட்டு இழுத்தது. நான்காவதில் நைட்ரஸ் போட்டதற்கான அறிகுறியே இல்லை. பாட்டில் தீர்ந்துவிட்டது என்று நினைத்து வீட்டுக்கு வந்து தராசில் வைத்தேன். உள்ளே இன்னும் நான்கு பவுண்டுக்கு மேல் இருந்தது. கடையில் கேட்டதற்கு, பாட்டில் ஆறியிருக்கும், ஹீட்டர் வாங்குங்கள் என்றார்கள். ஆகஸ்ட் மாத டெக்சாஸில் பாட்டில் ஆறியிருக்கும் என்றார்கள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அதற்கு அடுத்த வாரம் நடந்ததை இன்னும் மறக்கவில்லை. பாட்டில் நிறைந்திருந்தது. நான்காவது கியரில், 1,400 ஆர்பிஎம்மில் போய்க்கொண்டிருந்தபோது முழுதாக மிதித்தேன். டர்போ இன்னும் விழிக்கவில்லை. ஆனால் ஆக்சிலரேட்டர் மிதியின் கீழே வைத்திருந்த ஸ்விட்ச் அமுங்கியதும் நைட்ரஸ் திறந்துவிட்டது. சுத்தியலால் இரும்புப் பலகையில் அடித்ததுபோல் ஒரே ஒரு சத்தம். வேறொன்றும் தெரியவில்லை. வீடு வந்து பானெட்டைத் திறந்தால் ரேடியேட்டர் தண்ணீர்த் தொட்டியில் குமிழ் குமிழாக வந்துகொண்டிருந்தது. ஹெட்டுக்கும் அதன் கீழுள்ள எஞ்சின் பாகத்துக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கட் போய்விட்டது.

காரணம் எளிமையானது. கீழ் வேகத்தில் பிஸ்டன் மெதுவாக நகர்கிறது. எரிந்த வாயு விரிவதற்கு இடம் கிடைப்பதற்குள் அழுத்தம் உச்சத்துக்குப் போய்விடுகிறது. அந்த நேரத்தில் ஆக்சிஜனைக் கொட்டினால் ஹெட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள்தான் தாங்கவேண்டும். என் வண்டியில் இருந்தவை 1997இல் நிறுவனம் போட்ட அதே போல்ட்டுகள். அதைக் கேட்டு, மாற்றச் சொல்லியிருக்க வேண்டிய கடை கேட்கவில்லை. மிதி ஸ்விட்சை மட்டும் நம்பி டீசல் எஞ்சினுக்கு நைட்ரஸ் கொடுப்பது தவறு என்று நான் உறுதியாகச் சொல்கிறேன். இதை அவர்களிடம் போய்ச் சொன்னபோது, நீங்கள் தவறான கியரில் மிதித்தீர்கள் என்று என் மேலேயே திருப்பினார்கள். பணம் போனதைவிட அந்தப் பதில்தான் வலித்தது.

இரண்டாவது கடை ஊருக்கு வெளியே, தகரக் கொட்டகை. டீசல் மட்டும் பார்க்கிறார்கள். ஒரு பெரியவரும் அவர் மகளும். அந்தப் பெண்தான் பம்ப் வேலை எல்லாம் செய்கிறார். அந்தக் கொட்டகைக்குள் நுழைந்ததும் டீசலும் மண்ணும் கலந்த வாசனை, எண்ணெய் படிந்த மரப்பலகை. நாமக்கல் பட்டறையில் இருப்பதுபோலவே இருந்தது. வண்டியை உள்ளே கொண்டுபோய் நிறுத்தியதும் அந்தப் பெண் எஞ்சின் பக்கம் போகவில்லை. பின்னால் போய்ப் பாட்டிலைப் பார்த்தார். கையால் லேசாகத் தட்டி, "இது குப்புறக் கிடக்கிறது" என்றார்.

பாட்டிலுக்குள் வால்விலிருந்து அடிவரை போகும் ஒரு வளைந்த குழாய் உண்டு. நைட்ரஸ் உள்ளே அழுத்தத்தில் திரவமாக இருக்கும். மேலே வாயு நிற்கும். அந்தக் குழாய் திரவத்தில் மூழ்கியிருந்தால்தான் எஞ்சினுக்குத் திரவம் போகும். அதனால்தான் பாட்டிலைப் படுக்க வைக்கும்போது லேபிள் மேல்நோக்கியும், வால்வு வண்டியின் முன்பக்கம் பார்த்துச் சற்று உயர்ந்தும் இருக்க வேண்டும். வண்டி பாயும்போது திரவம் பின்னுக்குச் சாயும்; குழாயின் வாயும் அங்கேதான் இருக்கும். என் பாட்டிலில் லேபிள் கீழே இருந்தது. நிறைந்திருக்கும்வரை தெரியாது. கொஞ்சம் குறைந்ததும் குழாய் வெறும் வாயுவை உறிஞ்ச ஆரம்பித்துவிடும். மூன்றாவது ஓட்டத்தில் விட்டுவிட்டு இழுத்ததற்கும், நான்கு பவுண்டு மிச்சம் நின்றதற்கும் இதுதான் விடை. ஹீட்டருக்கு இதில் ஒரு வேலையும் இல்லை.

ஹெட்டை இறக்கி, தளம் சீவி, புதிய கேஸ்கட் போட்டு, போல்ட்டுகளுக்குப் பதிலாக ஏஆர்பி நிறுவனத்தின் வலுவான ஸ்டட்டுகள் போட்டார்கள். எஞ்சின் சூடாகி ஆறிய பிறகு இரண்டு முறை மறுபடி முறுக்கினார்கள். அதற்காக என்னை இரண்டு முறை வரவழைத்தார்கள், அதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை. நைட்ரஸ் பக்கம் மூன்று மாற்றங்கள். எஞ்சினுக்குள் காற்று போகும் இன்டேக் குழாயில் ஓர் அழுத்த ஸ்விட்ச்: டர்போ 20 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 20 பவுண்டு) அழுத்தம் கொடுத்த பிறகுதான் சோலினாய்டுக்கு மின்சாரம் போகும். கூடவே ஓர் ஆர்பிஎம் ஸ்விட்ச்: 2,000க்குக் கீழே திறக்காது, கவர்னர் டீசலை வெட்டுவதற்கு முன்பே மூடிவிடும். நாசிலையும் இடம் மாற்றினார்கள். முதல் கடை அதை இன்டேக் வாயை ஒட்டி வைத்திருந்தது. இவர்கள் டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் பிறகு, வாயிலிருந்து ஒன்றரைச் சாண் தள்ளி வைத்தார்கள். காற்றோடு கலக்கத் தூரம் வேண்டும், இல்லாவிட்டால் ஒரு சிலிண்டருக்கு விருந்து, இன்னொன்றுக்குப் பட்டினி என்று அந்தப் பெண் விளக்கினார். மொத்தம் 2,400 டாலர். பெரிய தொகைதான். ஆனால் செய்த ஒவ்வொன்றையும் காட்டி, கழற்றிய கேஸ்கட்டைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். அதில் ஆறாவது சிலிண்டரைச் சுற்றியிருக்கும் வளையம் கருகி வெடித்திருந்தது. அதை எடுத்து வைத்திருக்கிறேன்.

பிறகு வண்டியின் சக்தியை அளக்கும் டைனோ இயந்திரத்தில் ஏற்றினோம். நைட்ரஸ் இல்லாமல் சக்கரத்தில் 368 குதிரைத்திறன். கொட்டகைக்கு வெளியே வழக்கம்போல் கரும்புகை. அடுத்த ஓட்டத்தில் சிறியதிலிருந்து இரண்டாவது ஜெட்டைப் போட்டு, பாட்டிலைத் திறந்து மிதித்தார் பெரியவர். நான் புகைபோக்கிக்குப் பக்கவாட்டில் நின்றேன். புகை கிளம்பியது. டர்போ ஊளையிட்டது. சோலினாய்டு 'டக்' என்றது. அவ்வளவுதான், புகை நின்றுவிட்டது. குறையவில்லை, நின்றுவிட்டது. பின்னால் இருந்த வேலிக் கம்பிகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. எஞ்சின் சத்தமும் மாறி, கரகரப்பு போய்க் கணீரென்று ஆனது. 451 குதிரைத்திறன். பைரோமீட்டர் 1,230இல் நின்றது. சக்தி 83 கூடியிருக்கிறது, வெப்பம் 210 டிகிரி குறைந்திருக்கிறது. திரவ நைட்ரஸ் குழாயை விட்டு வெளியே வந்ததும் கொதித்து ஆவியாகிறது; அதன் கொதிநிலை மைனஸ் 88 டிகிரி செல்சியஸ். உள்ளே போகும் காற்று அத்தனையும் குளிர்கிறது. ஓட்டம் முடிந்து நாசிலைப் பார்த்தேன். கொதிக்கும் எஞ்சினுக்கு ஒரு முழம் தள்ளி, அந்தப் பித்தளை முனையில் வெள்ளையாக உறைபனி படிந்திருந்தது. விரல் வைத்தால் ஒட்டிக்கொள்ளும் என்று அந்தப் பெண் கையைத் தட்டிவிட்டார்.

அன்று இரவே எடுத்த வீடியோவை அப்பாவுக்கு அனுப்பினேன். மூன்று முறை பார்த்திருக்கிறார். "புகை எங்கே போயிற்று?" என்றுதான் முதலில் கேட்டார். விளக்கியதும், "அப்படியென்றால் ஏற்றத்தில் போடலாமே" என்றார். தமிழ்நாட்டிலிருந்து இதைப் படிக்கும் லாரிக்காரர்களுக்கும் அந்தக் கேள்வி வரும் என்பதால் விரிவாகச் சொல்கிறேன்.

போட முடியாது. என் 10 பவுண்டு பாட்டில், என் ஜெட் அளவுக்கு, தொடர்ந்து திறந்தால் ஒன்றரை நிமிடம் வரும். பாரம் ஏற்றிய வண்டி தொப்பூர் ஏற்றத்தின் முதல் வளைவைத் தாண்டுவதற்குள் பாட்டில் காலி. நிரப்ப எனக்குப் பவுண்டுக்கு 8 டாலர் ஆகிறது. தவிர, சாலையில் ஓடும் வண்டியில் இதைத் திறப்பது தவறு. நான் ரேஸ் தளத்தின் வாசலைத் தாண்டிய பிறகுதான் பாட்டில் வால்வில் கை வைக்கிறேன். உங்கள் வண்டி ஏற்றத்தில் முனகுகிறது, புகைக்கிறது என்றால் ஏர் ஃபில்டரைப் பாருங்கள், நாசில்களைச் சோதனைக்குக் கொடுங்கள், பம்பைக் காலிபரேஷன் செய்யுங்கள், இன்டர்கூலர் ஹோஸ்களில் கிழிசல் இருக்கிறதா என்று பாருங்கள். புகை காட்டும் குறையில் பெரும்பகுதி அங்கேயே தீர்ந்துவிடும். டிரக் இழுவைப் போட்டிகளுக்கென்று வாங்க நினைப்பவர்களும் விதிப்புத்தகத்தை முதலில் பாருங்கள்; அவற்றின் பெரும்பாலான வகுப்புகளில் நைட்ரஸுக்கு அனுமதி இல்லை.

ரேஸ் தளத்தில் எனக்குக் கிடைத்தது இதுதான்: கால் மைலுக்கு 15.4 விநாடியாக இருந்தது 14.5 ஆனது. மூன்று டன் எடையுள்ள, இருபத்தைந்து வருடத்துக்கு மேல் பழையதான டிரக்குக்கு அந்த 0.9 விநாடி எவ்வளவு பெரியது என்பது ஓட்டியவர்களுக்குத் தெரியும். கிட்டுக்கு ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். ஒன்று குறைவது அந்த விளக்கப் புத்தகத்துக்காக. இரண்டாவது கடைக்கு முழு ஐந்து. முதல் கடைக்கு எண் கொடுக்க மனமில்லை.

வெயிலைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். பாட்டிலின் அழுத்தம் வெப்பத்தைப் பொறுத்தது. 900 முதல் 950 பிஎஸ்ஐ இருந்தால் நன்றாக வேலை செய்யும். அது 30 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் வரும். ஜனவரியில் தண்ணீர் உறையும் குளிரில் என் கேஜ் 450 காட்டியது. அப்போதுதான் ஹீட்டருக்கு வேலை. 36.4 டிகிரியைத் தாண்டினால் உள்ளே திரவம் என்ற ஒன்றே இருக்காது, அழுத்தம் 1,050ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போகும். ஜூலை மாதத்தில் மூடிய கேபினுக்குள் அது சர்வசாதாரணம். முதல் கடை பாட்டிலைப் பின் இருக்கைக்குப் பின்னால் வைத்திருந்தது, அதாவது என் மகன் உட்காரும் இடத்துக்கு ஒரு முழம் தள்ளி. அழுத்தம் மிஞ்சினால் உடைந்து வாயுவை வெளியேற்றும் பாதுகாப்புத் தகடு வெடித்து வாயு கேபினுக்குள் நிறைந்தால் மூச்சுக்கு ஆக்சிஜன் இல்லாமல் போகும். வண்டிக்கு விற்கும் நைட்ரஸில் யாரும் முகரக் கூடாது என்பதற்காகவே சிறிதளவு கந்தக டை ஆக்சைடு கலக்கிறார்கள். அது கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். இப்போது பாட்டில் பின்பக்கச் சரக்குத் தட்டில், காற்றோட்டமுள்ள பெட்டிக்குள், வெள்ளைத் துணி போர்த்திக் கிடக்கிறது. வீட்டுக்கு வந்ததும் கழற்றி ஷெட்டில் நிழலில் வைத்துவிடுகிறேன்.

பழைய பாட்டில் வாங்குபவர்கள் கழுத்தில் குத்தியிருக்கும் தேதியைப் பாருங்கள். ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை அழுத்தச் சோதனை செய்து புது முத்திரை குத்த வேண்டும். இல்லாவிட்டால் நிரப்பித் தர மாட்டார்கள். கூடவே ஒரு தராசு வாங்கிக்கொள்ளுங்கள். திரவம் தீரும்வரை கேஜ் மிச்சத்தைக் காட்டாது, எடைதான் காட்டும். காலிப் பாட்டிலின் எடை லேபிளிலேயே இருக்கிறது.